அண்ணன் ஊசி போட்டு முடித்துவிடச் சொல்கிறார், டாக்டர்களால் முடியாதா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அண்ணனுக்கு 52 வயது. வலது கையில் பேனா நிற்கவில்லை என்று தொடங்கியது. பல பரிசோதனைகளுக்குப் பிறகு ஏ.எல்.எஸ். என்றார்கள். மோட்டார் நியூரான் நோயில் இது ஒரு வகை. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் படிப்படியாகச் செயலிழக்கும். இப்போது அவரால் நடக்க முடியாது. பேச்சு குழறுகிறது. இடது கையில் மிச்சமிருக்கும் ஒரு விரலால் டேப்லெட்டில் எழுத்து எழுத்தாகத் தொட்டுப் பேசுகிறார். அண்ணி வேலைக்குப் போயாக வேண்டும் என்பதால் தங்கை வந்து உடனிருந்து பார்த்துக்கொள்கிறார். அண்ணனுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி, பகல் முழுக்கத் தூக்கக் கலக்கம், இரவில் தூக்கமே இல்லை. டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று தேம்பி அழுகிறார். சென்ற மாதம் குளியலறையில் அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது தங்கைக்கு முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுக்கை. நான்காம் நாள் காலையில் அண்ணன் டேப்லெட்டில் இப்படி எழுதிக் காட்டினார்: “டாக்டர்கிட்ட கேளு. ஒரு ஊசி போட்டு முடிச்சுட முடியுமா?”

நரம்பியல் டாக்டரிடம் கேட்டார்கள். “அதெல்லாம் யோசிக்கவே கூடாது” என்று பேச்சை மாற்றிவிட்டாராம். வாசகியின் கோபம் அங்கே ஆரம்பிக்கிறது: “வென்டிலேட்டரை எடுக்க டாக்டர்களுக்கு அனுமதி உண்டு. மார்ஃபின் கொடுத்து மெதுவாக உயிரை எடுப்பதும் நடக்கிறது. நேராகக் கேட்டால் மட்டும் தர்மம் பேசுகிறார்கள். இது வேஷம் இல்லையா? வெளிநாட்டில் கேட்டவுடன் கொடுக்கிறார்களாமே? அண்ணனுக்காக நான் விண்ணப்பிக்கலாமா? இதைச் சட்டம் அனுமதிக்க வேண்டுமா, கூடாதா, உங்கள் கருத்து என்ன?” கடைசியில் ஒரு வரி: “சில ராத்திரி, சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று எனக்கே தோன்றுகிறது. நான் கொலைகாரியா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நாள்பட்ட நோயாளியைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர்களில் இந்த நினைப்பு எட்டிப் பார்க்காதவர்கள் குறைவு; அதை வாய்விட்டுச் சொல்பவர்கள் அதைவிடக் குறைவு. அவர் படும் பாடு முடிய வேண்டும் என்பதும் நாம் படும் பாடு முடிய வேண்டும் என்பதும் ஒன்றோடொன்று பின்னித்தான் கிடக்கும். அதற்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆனால் அந்த நினைப்பு உங்களுடையது, அண்ணன் எழுதிக் காட்டியது அவருடையது. இரண்டும் கலந்துவிடக் கூடாது. நான் சொல்லப்போவதில் பாதி இதைப் பற்றியதுதான்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் சட்டத்தைப் பொதுவாகச் சொல்கிறேன். உங்கள் இடத்துச் சட்டத்தை அங்குள்ள வழக்கறிஞரிடமோ மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று வேறு காரியங்கள்

கடிதத்தில் மூன்று காரியங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, டி.வி. விவாதங்களிலும் இதே குழப்பம்தான்.

முதலாவது, ஒரு சிகிச்சையை வேண்டாம் என்பது, அல்லது தொடங்கியதை நிறுத்தச் சொல்வது. வென்டிலேட்டர் வேண்டாம், வயிற்றில் குழாய் வேண்டாம், ஐ.சி.யூ. வேண்டாம் என்று சொல்வதெல்லாம் இதில் அடங்கும். தெளிந்த மனநிலையில் உள்ள ஒருவருக்கு இந்த உரிமை இருப்பதைப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் ஒப்புக்கொள்கிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை அரசியல் சாசன உரிமையின் பகுதியாக ஏற்றது. உயிர் உயில் (எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம்) எழுதும் நடைமுறை கடினமாக இருக்கிறது என்று புகார் வந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரண்டாவது, டாக்டர் மருந்து எழுதிக் கொடுக்க, நோயாளி தானே எடுத்துக்கொள்வது. டாக்டர் உதவியுடனான தற்கொலை என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது, டாக்டரே ஊசி போடுவது. அண்ணன் கேட்டது மூன்றாவது. முதலாவது அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதை யாராவது அவருக்குச் சொன்னார்களா என்பதுதான் என் சந்தேகம்.

நோயல் கான்வே என்ற பிரிட்டன்காரருக்கு இதே நோய். டாக்டர் உதவியோடு இறக்கும் உரிமை வேண்டும் என்று நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார். 2018-ல் கடைசிக் கதவும் மூடியது. 2021 ஜூனில் தன் மூச்சுக் கருவியை எடுத்துவிடும்படி அவரே முடிவு செய்தார். நோய்த்தணிப்புக் குழு (குணமாக்க முடியாத நோயிலும் வலியையும் திணறலையும் தணிப்பவர்கள், என் துறையும் இதுதான்) உடனிருந்தது, மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க மருந்து கொடுத்தது, வீட்டிலேயே இறந்தார். அதற்கு எந்த நீதிமன்ற அனுமதியும் தேவைப்படவில்லை. கருவியை எடுத்தால் எப்படியிருக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரியாத பயத்தால்தான் வேறு வழி கேட்டு வழக்குப் போட்டதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை.

கருவியை எடுப்பதும் ஊசி போடுவதும் ஒன்றுதானே, இரண்டிலும் ஆள் இறக்கிறார் என்று கேட்கிறீர்கள். அறவியல் படித்தவர்கள் அரை நூற்றாண்டாக மோதிக்கொள்ளும் இடம் இது. மருத்துவம் பொதுவாகச் சொல்லும் பதில்: முதலாவதில் உயிரை எடுப்பது நோய், நாம் குறுக்கே நிற்பதை நிறுத்துகிறோம், மூன்றாவதில் உயிரை எடுப்பது நாம் கொடுத்த மருந்து. எதிர்த்தரப்பு சொல்லும்: சுவிட்சை அணைக்கும் டாக்டருக்கு விளைவு தெரியாதா? விளைவு தெரிந்தே செய்த பிறகு, “நான் இல்லை, நோய்தான்” என்பது சமாதானம்தானே? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது பாடப்புத்தகத்தில் தெரிகிற அளவுக்குக் கட்டிலருகில் தெளிவாகத் தெரிவதில்லை என்பதை மறைக்கவும் மாட்டேன். ஆக, வேஷம் என்ற உங்கள் சொல்லை ஏற்கவில்லை. கோபத்தைப் புரிந்துகொள்கிறேன்.

மார்ஃபின் மீது விழுந்த பழி

இதில் நீங்கள் நினைப்பது தவறு, அந்தத் தவறு அண்ணனுக்குக் கெடுதல் செய்யும். அனுபவமுள்ளவர் சிறிய அளவில் தொடங்கி, நோயாளியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலியை மட்டுமல்ல, மூச்சுத் திணறல் என்ற உணர்வையும் அது தணிக்கும், ஏ.எல்.எஸ். நோயாளிக்கு அதன் அருமை அங்கேதான். இறக்கும் நிலையில் உள்ளவருக்குக் கடைசி நாட்களில் அதைக் கொடுக்கிறோம், பிறகு அவர் இறக்கிறார். வீட்டார் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். “மார்ஃபினா? ஐயோ, வேண்டாம்” என்று குடும்பமே தடுத்து, நோயாளி தேவையில்லாமல் திணறுவதைப் பார்ப்பது எங்களுக்கு அன்றாடம்.

இன்னொரு பயமும் உங்கள் வரிகளுக்கு நடுவே தெரிகிறது: கடைசியில் மூச்சு அடைத்துத் துடிதுடித்துப் போவார் என்பது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இந்த நோயாளிகளின் கடைசி நாட்களைப் பதிவு செய்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளிவந்தது. தொண்டை அடைத்து இறந்தவர் அதில் ஒருவரும் இல்லை. மிகப் பெரும்பாலானவர்கள் அமைதியாகவே போனார்கள். மூச்சுத் தசைகள் சோர்ந்து, ரத்தத்தில் கரியமில வாயு கூடி, உறக்கம் ஆழமாகி நின்றுவிடுவதுதான் வழக்கமான முடிவு. இதை அண்ணனிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர் இணையத்தில் தேடியிருப்பார், கண்ணில் பட்டதெல்லாம் பயங்கரமாக இருந்திருக்கும்.

கேட்டவுடன் கொடுக்கிறார்களா?

இல்லை. நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடிய நோய் என்று இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும். நோயாளி வாயாலும் எழுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். மருந்தைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் டாக்டரே ஊசி போடலாம். மரணம் அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை, தாங்க முடியாத, தீர வழியில்லாத துன்பம் என்பதுதான் அளவுகோல். கனடா 2016-ல் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் தண்டனைச் சட்டம் 1942-லிருந்தே சுயநல நோக்கத்தோடு தற்கொலைக்கு உதவுவதை மட்டும் குற்றமாக்குகிறது. வெளிநாட்டினர் அங்கே போக முடிவதற்கு இதுதான் காரணம். உலகின் பெரும்பகுதியில் இன்றும் இரண்டாவது, மூன்றாவது வழிகள் குற்றமே.

அண்ணன் சார்பில் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. நான் குறிப்பிட்ட எந்த நாட்டுச் சட்டத்திலும் தெளிந்த மனநிலையில் உள்ள ஒரு பெரியவருக்காக அவர் குடும்பம் கேட்க இடமில்லை. சொல்லப்போனால், குடும்பம் முந்திக்கொண்டு கேட்டால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். நோயாளியைத் தனியாக வைத்துப் பேசுவார்கள்.

ஆரிகனிலிருந்து வருடாவருடம் வரும் அறிக்கையில் இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. மருந்துச் சீட்டு வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைச் சாப்பிடுவதே இல்லை. கையில் இருக்கிறது என்ற நிம்மதியே அவர்களில் சிலருக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். அடுத்தது, ஏன் கேட்டீர்கள் என்றால் வலி முதலில் வருவதில்லை. தன் முடிவைத் தானே எடுக்க முடியாமல் போவது, வாழ்க்கையில் ருசித்த எதையும் செய்ய முடியாமல் போவது, கௌரவம் போவது என்பவைதான் முன்னால் நிற்கின்றன. குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்பதும் கணிசமாக வருகிறது. உங்கள் அண்ணன் எந்த நாள் காலையில் அதை எழுதிக் காட்டினார் என்று உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

சட்டம் வரலாமா?

வரலாம் என்பவர்களின் வாதத்தில் எனக்கு வலுவாகத் தெரிவது இந்த நோயாளிகளிடமிருந்தே வந்தது. கனடாவின் சூ ராட்ரிகஸுக்கும் ஏ.எல்.எஸ். கை கால் நன்றாக இருப்பவன் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டால் சட்டம் அவனைத் தண்டிப்பதில்லை, என்னால் அது முடியாது என்பதால் மட்டும் எனக்கு மறுப்பதா, இந்த உடம்பு யாருடையது என்று அவர் கேட்டார். 1993-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுத்தது. 2015-ல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஒருமனதாகத் தன் நிலையை மாற்றிக்கொண்டது.

எதிர்ப்பவர்கள் என்றதும் மதவாதிகள் என்று நினைத்துவிட வேண்டாம். மிகக் கூர்மையான எதிர்ப்பு மாற்றுத்திறனாளி அமைப்புகளிடமிருந்து வருகிறது. மற்றவர் உதவியில் குளிப்பதையும் உடுத்துவதையும் நீங்கள் கௌரவக் குறைவு என்கிறீர்கள், நாங்கள் தினமும் அப்படித்தான் வாழ்கிறோம், அதைச் சாகத் தகுந்த காரணமாகச் சட்டத்தில் எழுதினால் எங்கள் வாழ்க்கைக்கு என்ன விலை போடுகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. இதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. உலக மருத்துவர் சங்கம் இன்றும் எதிர்க்கிறது. பிரிட்டன் மருத்துவர் சங்கம் 2021-ல் எதிர்ப்பைக் கைவிட்டு நடுநிலைக்கு வந்தது. டாக்டர்களே ஒரே பக்கம் இல்லை.

ஒருமுறை கதவைத் திறந்தால் அகலமாகிக்கொண்டே போகும் என்ற வாதத்தை இரு தரப்பும் தங்கள் வசதிக்கு ஏற்பப் பேசுகின்றன. ஆரிகனில் ஆறு மாத வரம்பு இன்றும் அப்படியே நிற்கிறது. அங்கே மொத்த மரணங்களில் இப்படி நிகழ்பவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கனடாவில் 2021-லேயே மரணம் அருகில் இல்லாதவர்களுக்கும் விரிந்தது; 2023-ல் 15,343 பேர், மொத்த மரணங்களில் 4.7 சதவீதம். நெதர்லாந்தில் 2024-ல் 9,958 பேர், 5.8 சதவீதம். என் கணிப்பில் வித்தியாசம் சட்டத்தின் அஸ்திவாரத்தில் இருக்கிறது. ‘சாகப்போகிறவர்’ என்பதை அடிப்படையாக வைத்தால் வேலி நிற்கும். ‘துன்பப்படுகிறவர்’ என்பதை அடிப்படையாக வைத்தால், மற்றவர் துன்பம் மட்டும் குறைந்ததா என்ற கேள்வி வரும், வேலியை நகர்த்தியே ஆகவேண்டும்.

ஆனால் இறுக்கமான வேலி அண்ணனைப் போன்றவர்களைத்தான் முதலில் குத்தும். தானே மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பாதுகாப்பு விதியைப் பாருங்கள். புற்றுநோயாளிக்கு அது பிரச்சினையில்லை. கையும் விழுங்கும் திறனும் போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்கு, “இன்னும் முடிகிறபோதே சீக்கிரம் செய்துவிடு” என்று அந்த விதி சொல்கிறது. அவர் வாழ விரும்பிய மாதங்களைப் பறிக்கிறது. சுவிட்சர்லாந்துப் பயணத்திலும் இதே சிக்கல், பயணம் செய்ய முடிகிறபோதே போயாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதை யோசித்திருக்கிறது: 2019-ல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம் மற்ற நோய்களுக்கு ஆறு மாதம், நரம்புச் சிதைவு நோய்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வைத்தது, தானே எடுத்துக்கொள்ள உடல் ஒத்துழைக்காதவருக்கு டாக்டர் கொடுக்கவும் வழி வைத்தது.

என் கருத்தைக் கேட்டீர்கள். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு, குறுகிய வேலியோடு ஒரு சட்டம் வந்தால் நான் எதிர்த்துக் கொடி பிடிக்கமாட்டேன். நோய்த்தணிப்புச் சிகிச்சை எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிடும் என்று என் துறைக்காரர்கள் மேடையில் சொல்வது மிகை. எங்கள் கைக்கு எட்டாத துன்பமும் உண்டு. ஆனால் அந்த ஊசியைப் போடும் கை என்னுடையதாக இருக்காது, அதற்கு மறுக்கும் உரிமையைச் சட்டம் எனக்குத் தர வேண்டும். வரிசையும் முக்கியம். நோய்த்தணிப்புச் சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலி மருந்தோ, வீட்டுக்கு வரும் நர்ஸோ, ஒரு சக்கர நாற்காலியோ கொடுக்காத சமூகம் சாவை மட்டும் தயாராக வைத்திருந்தால், நோயாளி எதைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வது? இந்த வாதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது என்பது தெரியும்: இன்று துடிப்பவரிடம் போய், அமைப்பு சரியாகும்வரை பொறுங்கள் என்று சொல்ல முடியாது. நீங்களும் அதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

அண்ணனுக்கு இப்போதே செய்ய வேண்டியவை

சட்ட விவாதத்தை விட்டுவிட்டுக் கட்டிலருகே வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஊசிக் கேள்வி அல்ல, காலைத் தலைவலி. காலையில் தலைவலி, பகலில் தூக்கம், இரவில் விழிப்பு மூன்றும் சேர்ந்தால், தூக்கத்தில் மூச்சு ஆழமாக இல்லாமல் கரியமில வாயு தேங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த நிலையில் மனம் சோர்ந்து போகும், யோசனை மங்கும், எதுவும் வேண்டாம் என்று தோன்றும். மூச்சுத்திறன் பரிசோதனையும் இரவு நேர ஆக்ஸிஜன், கரியமில வாயு அளவீடும் இந்த வாரமே கேளுங்கள். தேவைப்பட்டால் முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் சிறிய கருவியை இரவில் போட்டுக்கொள்ளலாம். கழுத்தில் துளை போட வேண்டியதில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பலருக்குத் தூக்கம் திரும்பும், ஆயுளும் சில மாதங்கள் கூடும்.

அந்தத் திடீர் அழுகை எல்லாமே துக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூளையிலிருந்து முகத்துக்கும் தொண்டைக்கும் போகும் நரம்புப் பாதை பாதிக்கப்பட்டால், மனதில் அவ்வளவு இல்லாதபோதும் அழுகையோ சிரிப்போ பீறிட்டு வரும். அவரிடமே கேளுங்கள்: “உள்ளேயும் அவ்வளவு அழுகை இருக்கா, இல்ல தானா வருதா?” தானாக வருகிறது என்றால் அதற்கு மருந்து இருக்கிறது. உண்மையான மனச்சோர்வு என்றால் அதற்கும் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். சாக விரும்பும் எல்லோருக்கும் மனநோய் என்று சொல்லவில்லை. நெதர்லாந்தில் இந்த நோயால் இறந்தவர்களைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்றில் சுமார் ஐந்தில் ஒருவர் டாக்டர் உதவியோடு இறப்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தெளிந்த மனதோடு முடிவெடுத்தவர்களே. ஆனால் குணமாக்கக் கூடியதைக் குணமாக்கிப் பார்க்காமல் அது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, உங்கள் முதுகு. ஒருவரைக் கையால் தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். தூக்கும் கருவி, சறுக்குப் பலகை, குளியல் நாற்காலி இவற்றைப் பற்றி இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். இது உங்கள் வசதிக்காக மட்டுமல்ல. நீங்கள் வலியில் முகம் சுளிப்பதைத் தினம் பார்த்துக்கொண்டே அவர் படுத்திருக்கிறார்.

அவரிடம் எப்படிப் பேசுவது

“அப்படியெல்லாம் பேசாதீங்க” என்று வாயை அடைக்காதீர்கள். டாக்டர் ஏற்கெனவே அதைச் செய்துவிட்டார். சாவைப் பற்றிப் பேசினால் அந்த எண்ணம் வளரும் என்ற பயமும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், டேப்லெட்டை அவர் விரலுக்கு எட்டும்படி வையுங்கள், கேளுங்கள்: “நீங்க எழுதினதை நான் மறக்கலை, அண்ணா. எதை நினைச்சா ரொம்பப் பயமா இருக்கு?” பிறகு காத்திருங்கள். ஒரு வாக்கியம் தட்ட அவருக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். பாதி வார்த்தையிலேயே ஊகித்து நீங்கள் முடித்துவைக்காதீர்கள்; பேச்சுப் போனவர்களுக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் அது.

பதில் மூச்சைப் பற்றி இருக்கலாம். அண்ணியைப் பற்றி, பணத்தைப் பற்றி, உங்களைப் பற்றி இருக்கலாம். நீங்கள் பாரமில்லை என்று ஒரே வரியில் சொன்னால் நம்பமாட்டார், உங்களை மூன்று நாள் படுக்கையில் பார்த்தவர் அவர். “கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்கு ஆள் வைக்கப் போறேன். நீங்க இருக்கறது எனக்குக் கஷ்டமில்லை” என்று பிரித்துச் சொல்லுங்கள், உண்மையாகவே அப்படித்தான் என்றால். எல்லாம் கேட்டு, எல்லாம் சரிசெய்த பிறகும் அவர் அதையே கேட்டால், அதை அவருடைய முடிவாக மதித்து, நான் முதலில் சொன்ன உரிமைகளை வைத்து அடுத்த கட்டத்தைப் பேச வேண்டும். இந்தப் பேச்சுகளில் ஒன்றிலாவது அவர் டாக்டரோடு தனியாக இருக்க வேண்டும், நீங்களும் அண்ணியும் வெளியே.

செய்யவே கூடாதவை

வீட்டில் இருக்கும் மருந்தை அதிகமாகக் கொடுப்பது, சேர்த்து வைப்பது, நர்ஸிடம் ரகசியமாகக் கேட்பது எதுவும் வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் தற்கொலைக்கு உதவுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அன்பால் செய்தேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை, அது சொன்னபடி நடக்காது என்பது. அமைதியாக முடியும் என்று நினைத்தது மாறி, அவரை இன்னும் மோசமான நிலையில் ஐ.சி.யூ.வில் கொண்டுபோய் விடும். அவர் உடனே ஏதாவது செய்துகொள்வார் என்றோ, நீங்கள் ஏதாவது செய்துவிடுவீர்கள் என்றோ தோன்றும் இரவில், காலைவரை காத்திருக்காமல் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். அந்த அழைப்பு உங்களுக்காகவும்தான்.

விரல் அசைகிறபோதே எழுதி முடிக்க வேண்டியது

முன்கூட்டிய மருத்துவ விருப்பத்தை ஆவணமாக எழுதச் சொல்லுங்கள். உயிர் உயில் என்று கேட்டால் வழக்கறிஞருக்குப் புரியும். “கஷ்டப்படுத்த வேண்டாம்” என்று பொதுவாக எழுதினால் ஐ.சி.யூ. டாக்டருக்கு அது உதவாது. மூச்சு நின்றால் குழாய் போடலாமா, கழுத்துத் துளை வழியே நிரந்தர வென்டிலேட்டர் வேண்டுமா, முகமூடிக் கருவியை எந்த நிலையில் எடுக்க வேண்டும், நிமோனியா வந்தால் ஆண்டிபயாட்டிக் கொடுக்கலாமா, திணறல் தணியாவிட்டால் ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கச் சம்மதமா என்று ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். உணவுக் குழாய் வேண்டுமென்றால் மூச்சுத்திறன் மிகவும் குறைவதற்கு முன்பே போட்டாக வேண்டும், பிறகு அந்தச் சிறிய அறுவைச் சிகிச்சையே ஆபத்தாகிவிடும். ஆகவே அந்த முடிவுக்குத் தேதி வையுங்கள். அவருக்காகப் பேசப்போகிறவர் யார் என்பதையும் அவரே எழுதட்டும். அது நீங்களாக இல்லாமல் அண்ணியாக இருந்தால் மனம் வருந்த வேண்டாம். எழுதிய பிறகும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

நோய்த்தணிப்புச் சிகிச்சை டாக்டரிடம் அனுப்பச் சொல்லி நரம்பியல் டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். “இன்னும் அந்தக் கட்டம் வரலை” என்பார். இந்த நோய்க்கு, கண்டுபிடித்த அன்றே அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.